பாட்டின் நடுவே அண்ணன் கதைக்கும் இடம்

ஆண்டவர் எங்களுக்குத் தந்த அண்ணனை அவரே அழைத்துக்கொண்டு ஓர் ஆண்டாகிறது. தங்கையாகிய எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் நெடுந்தீவில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா கடலில் இறந்தபின் எங்களைக் காப்பாற்றக் கப்பல் வேலைக்குப் போனார். அங்கே சமையற்காரராக இருந்த கறுப்பின அமெரிக்கர் ஒருவர், ஜாஸ் பரவிய காலத்தில் தம்மவர்கள் குழுவாகப் பாடிய பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினாராம். ஒருவர் உச்சக் குரலில் பாட, மற்றவர்கள் வாய்மூடி மெல்ல இசைப்பார்கள். நடுவில் கட்டைக் குரல்காரர் அதே வரிகளைப் பாடாமல், பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோலச் சொல்லுவார். அண்ணன் மனத்தைக் கொடுத்தது அந்த இடத்துக்குத்தான்.

நாலு தந்திக் கிட்டார் ஒன்றோடு ஊர் திரும்பினார். சுருவில் கிராமத்து நண்பர்கள் இருவரைச் சேர்த்து, அந்தப் பாட்டுகளைத் தமிழில் பாடினார். என்னைக் கரைசேர்த்தபின் தமக்கென்று குடும்பம் தேடவில்லை. போரில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அம்மாவைத் தோளில் சுமந்தார். சனம் அரிசி தூக்கிப் போக, நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெட்கத்தோடு நடந்தேன்.

கிறிஸ்து பிறந்த ஒரு நத்தார்த் திருப்பலியில், பாடற்குழு பாடிக்கொண்டிருக்க, அண்ணன் நடுவில் கதைத்துவிட்டார். கோயிலே சிரித்தது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடினேன்.

"கோயிலுக்கையும் ஏன் அண்ணை மானத்தை வாங்கிறியள்?"

"மற்றவை பாடிச்சினம். நான் ஆண்டவரோட கதைச்சனான். அதிலென்ன?"

அடக்கத்தன்று செபமாலை முடிய நண்பர்கள் இருவரும் அண்ணனின் கிட்டாரை எடுத்தார்கள். மூத்தவர் என்னிடம் குனிந்து, "தங்கச்சி, அவன்ர இடம் வரும். வரி உமக்குத் தெரியும். நீர் சொல்லும்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். பின்னால் மாமி, "இதென்ன பிள்ளை, செத்தவீடோ கலியாணவீடோ?" என்று கேட்டா.

அந்த இடம் வந்தது. என் வாய் திறக்கவில்லை. கிட்டார் திரும்பத் திரும்ப அதையே மீட்டி எனக்காகக் காத்திருந்தது. நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். கடைசியில் அவர்கள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுப் பாட்டை முடித்தார்கள். அண்ணனின் சவப்பெட்டிக்கு முன்னால் அண்ணனை நினைத்து வெட்கப்பட்டேன். அதை நினைக்க இன்று என்னை நினைத்தே கூசுகிறது.

அண்ணனை நோயில் பார்த்த அயலவர்களுக்கும், படகு பிடித்து வந்த உறவுகளுக்கும், பங்குச் சுவாமிக்கும், அந்த இரு நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. இன்று திருப்பலி முடிந்து சேமக்காலையில் அண்ணனின் கல்லறையருகே அவர்கள் மறுபடி பாடுவார்கள். நடுவில் இந்தக் கிழவி கதைப்பாள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அண்ணனுக்கு அது பழக்கம். அன்று நான் சொல்லாமல் விட்ட வரி இவ்வளவுதான்:

"வாறன் எண்டு சொன்னனான் தானே. கதவைச் சாத்திப்போடாதையும்."