பினாங்குக்குப் போகக் காட்டிய வருமானம்

அண்ணாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு கொழும்பு வெள்ளவத்தையில், காசு கட்டித் தொலைபேசியில் பேசும் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வைத்துத்தான் கிடைத்தது. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காலி வீதியில் பத்தடிக்கு ஒரு கொம்யூனிகேஷன் இருந்த காலம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எடுக்கும் அழைப்புக்காகத் தாய்மார் பிளாஸ்ரிக் கதிரைகளில் வரிசையாகக் காத்திருப்பார்கள். நானும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, அங்கே போய் அவர்களோடு இருப்பேன். முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டில் தொலைபேசி இல்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

"சின்னனா ஒரு ஒப்பரேசன் செய்தவங்கள்," என்றார் அண்ணா.

"எதிலை?"

"காலிலை."

"எந்தக் காலிலை?"

"இப்ப இல்லாத காலிலை."

அண்ணா அப்படித்தான். சின்ன வயதில் மலேசியாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே கலியாணம் செய்து, பினாங்கில் ஒரு சிறிய வீட்டில் இருந்தவர். அண்ணி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. எனக்கோ கலியாணமே இல்லை. எங்கள் இருவருக்கும் மிச்சமிருந்த ஆட்கள் நாங்கள் இருவர்தான். கடை என்றும் பாராமல் நான் அழத் தொடங்கியதும் அவர் குரலை மாற்றினார்.

"அழாதை. ஒரு விசயம் கேள். இஞ்சை வயசு போன ஆக்கள் வந்து இருக்கிறதுக்கு ஒரு விசா குடுக்கிறாங்கள். வேலை செய்யக் கூடாது. ஆனா சீவிக்கக் காசு இருக்கெண்டு காட்டவேணும்."

"எனக்குப் பென்சன் வருகுதுதானே?"

"ஓம். அதை இஞ்சத்தைக் காசா மாத்தினா ஒரு பூனை வளர்க்கலாம்."

அடுத்த கிழமை அவர் அனுப்பிய விண்ணப்பப் பாரங்கள் அதே கடையின் பக்ஸ் இயந்திரத்தில் வந்தன. விசயம் இரண்டுதான். அந்த நாட்டு வங்கி ஒன்றில் ஒரு தொகையை வைப்பில் போட வேண்டும். அதோடு மாதாமாதம் இவ்வளவு வருமானம் வருகிறது என்றும் காட்ட வேண்டும். அண்ணாவின் காசைக் காட்ட முடியாது. நான் என் காலில் நின்று வருகிறேன் என்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்பினார்கள்.

என்னிடம் இருந்த சொத்து அப்பா விட்டுப்போன வீடு மட்டும். கொட்டாஞ்சேனையில் ஒடுக்கமும் நீளமுமான வீடு: முன்னால் பெரிய ஹோல், நடுவில் ஓர் அறை, பின்னால் இரண்டு அறைகள். பின்னால் மலையகத்தில் இருந்து வந்த ஒருவர் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். பேக்கரியில் வேலை. நான் அவரைத் தம்பி என்பேன். வீட்டை விற்றால் வைப்புக்குக் காசு வரும், ஆனால் வாடகை நின்றுவிடும். விற்காவிட்டால் வாடகை வரும், வைப்புக்குக் காசு இல்லை. அந்தக் கணக்கை நான் பஸ்ஸிலும் சமையலறையிலும் கோயில் வாசலிலும் போட்டுப் பார்த்தேன். ஒருநாளும் சரிவரவில்லை.

மாளிகாவத்தையில் அலுமினியச் சட்டி பானை மொத்தமாக விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி துறைமுகத்துக்குக் கிட்ட ஸ்டோர் தேடுகிறார் என்று பேக்கரித் தம்பிதான் வந்து சொன்னார். அந்த வியாபாரி ஒரு புதன்கிழமை வந்து ஹோலைக் காலடியால் அளந்தார். அவருக்குப் பிடித்துக்கொண்டது. நான் அண்ணாவின் காலைப் பற்றிச் சொல்லி, ஐந்து வருடத்து வாடகையை முற்பணமாகக் கேட்டேன்.

"மிஸ், ரெண்டு வருஷத்துச் சல்லிய முன்னுக்குத் தாரது வழக்கம்தான். அஞ்சு வருஷம் எண்டா பெரிய காசு. நாட்டு நிலமயும் இப்பிடி ஈக்கி. நீங்க போய் ரெண்டாம் மாசம் இந்த வீட்ட ஆரும் எரிச்சாக்கா?"

அவர் கேட்டது நியாயம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள் எரிந்தன.

"அப்பிடி நடந்தா நான் காசைத் திருப்பித் தர ஏலாது, நானா," என்றேன். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். "என்னட்டை வேறை ஒண்டும் இல்லை. அதை இப்பவே சொல்லிப்போட்டுத்தான் கேக்கிறன்."

அவர் செருப்பை மாட்டினார். தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு, நொத்தாரிசு எழுதிய ஒப்பந்தத்தோடு வந்து நின்றார்.

"வீட்டில கதச்சன், மிஸ். பொஞ்சாதி ஒரே சொல்தான் சொன்ன. நானாக்காரருக்கு ஏலாம ஈக்கிய நேரம் தங்கச்சி போகத்தானே வேணும் எண்டு."

அந்தப் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு பார்த்தேன், ஒரு டப்பா நிறைய வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லப் போன என்னைப் பேசவிடாமல், பினாங்கில் மழை எப்படி, மீன் மலிவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வைப்புக்குக் காசு வந்தது. மாத வருமானம்தான் இன்னும் எட்டவில்லை. பென்சனையும் பின்வீட்டு வாடகையையும் கூட்டினாலும் கொஞ்சம் குறைந்தது. அதைக் கேள்விப்பட்ட பேக்கரித் தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அம்மா, நம்ம வாடகையக் கூட்டி எழுதிக்குங்க. யாராச்சும் கேட்டா நான் ஆமான்னு சொல்றேன்."

"வேண்டாம் தம்பி. பொய் எழுதிப் பிடிபட்டா எனக்கு விசா இல்லை, உமக்குப் பொலிஸ்."

அவர் அன்று முழுக்க யோசித்திருக்க வேண்டும். மறுநாள் மாலை தன் மனைவியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், அதிகம் பேசாதவர். ஒரு போர்டிங்கில் எட்டுப் பேரோடு படுத்துக் கிடந்தார். என்னுடைய நடு அறையை வாடகைக்கு எடுக்க அவருக்குச் சம்மதம். "இது பொய் இல்லீங்களே அம்மா?" என்று தம்பி கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நான் சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் வைக்கும் சின்ன அறைக்கு என் கட்டிலை மாற்றினேன். முன் ஹோலில் சட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டன. லொறி போகும்போதெல்லாம் வீடு முழுக்கக் கலகலவென்று ஒலித்தது.

வைப்புக் காசு என் கணக்கில் மூன்று மாதம் கிடக்க வேண்டும் என்று பாரத்தில் இருந்தது. அந்த மூன்று மாதத்துக்குள்தான் நடு அறைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பகல் நேரம், வேலை முடிந்து வந்தவரைச் சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். கொழும்பில் தமிழர் எங்கே தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. அடையாள அட்டையில் மலையகத்து விலாசம். பொலிஸ் பதிவோ பழைய போர்டிங்கில். புதுப் பதிவுக்குக் கொடுத்த பாரம் இன்னும் திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலை யாரும் நம்பவில்லை.

அவருடைய தங்கை, பேக்கரித் தம்பியின் மனைவி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் சேலையை மாற்றினேன். எதை எடுத்துப் போவது என்று தெரியவில்லை. விசாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பைலை அப்படியே தூக்கிக்கொண்டேன்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வயதான சார்ஜன் இருந்தார். எக்ஸ்சேஞ்ச் வேலை எனக்குச் சிங்களத்தைத் தண்ணீர்போல் ஆக்கியிருந்தது. விசயத்தைச் சொன்னேன். அவர் பைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"மேவா மொனவாத, நோனா?" என்று கேட்டார். இதெல்லாம் என்ன, அம்மணி என்று.

வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். நொத்தாரிசின் முத்திரை இருந்தது, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருந்தது, பிடிபட்டவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தன. எந்த அறை என்று கூட எழுதியிருந்தது. வெளிநாட்டு அதிகாரி ஒருவருக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று அவ்வளவு விபரமாக எழுதுவித்தது. சார்ஜன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இந்தப் பென்சன் கடிதம் எதற்கு?"

"ஓய்வுகால விசாவுக்கு. வருமானம் காட்ட வேண்டும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் இரண்டு வருடத்தில் பென்சன் வரும், நோனா. அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் கம்பஹாவுக்குக்கூடப் போக முடியாது," என்றார். பிறகு உள்ளே பார்த்து, அந்த மனிதனைக் கொண்டுவரச் சொன்னார்.

இருட்டுவதற்கு முன் விட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் அப்படி உள்ளே போய் மாதக்கணக்கில் வராதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகக் கொண்டுபோக ஒரு தாள்கூட இல்லாத வீடுகள் இருந்தன. அது எனக்கு அன்றைக்கும் தெரியும். நடு அறைக்காரர் வெளியே வந்ததும் என் கையில் இருந்த பைலை வாங்கிக்கொண்டார். நான் கேட்டும் தரவில்லை. வீடு வரை இரண்டு கையாலும் அவரே பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த நாளே அவருடைய புதுப் பதிவையும் போய் எடுத்தோம்.

கடைசித் தடை காசை வெளிநாட்டுக்கு அனுப்பும் அனுமதி. கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் அதற்கென ஒரு பெண் அதிகாரி இருந்தார். என் வயதுதான் இருக்கும். கொண்டையை இறுக்கிக் கட்டியிருப்பார், சிரிக்கவே மாட்டார். முதல் தரம் பென்சன் கடிதத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தரம், ஐந்து வருட முற்பணத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றார். மூன்றாம் தரம் போனபோது கோட்டைக்குள் எங்கோ தெருவை மூடிவிட்டார்கள். நான் மூன்று இடத்தில் கைப்பையைத் திறந்து காட்டி, வெயிலில் நடந்து, கந்தோர் மூடப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்கியது. அவர் கண்ணாலே கதிரையைக் காட்டினார். தாள்களைப் பார்த்தார்.

"அங்கே யார் இருக்கிறார்?" என்று சிங்களத்தில் கேட்டார். அதுவரை கேட்காத கேள்வி.

"என் அண்ணா. ஒரு கால் இல்லை. தனியாக இருக்கிறார்."

அவர் எழுந்தார். என் பைலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குள் போனார். கந்தோர் மூடும் மணி அடித்தது. மற்றவர்கள் குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். அரைமணி கழித்து வந்தவர், கையெழுத்து வைத்த தாளை என் முன்னால் வைத்தார்.

"ஹரி. யன்ன," என்றார். சரி, போங்கள்.

நான் கும்பிட்டேன். அவர் அதைப் பார்த்தாரோ தெரியாது, மேசை லாச்சியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் எந்த பஸ்ஸைத் தவறவிட்டாரோ, வீட்டில் யார் அவருக்காகக் காத்திருந்தார்களோ. அண்ணாவோடு இருந்த காலத்தில் நான் சாமிக்கு விளக்கு வைத்த ஒவ்வொரு முறையும் அந்தக் கொண்டை எனக்கு ஞாபகம் வந்தது.

விசா பத்து நிமிடத்தில் கிடைத்தது. மலேசியத் தூதரகத்தில் இருந்தவர் தாள்களைப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார், தலையாட்டினார். ஒரு வருடத்துக்குத் தந்தார். வருடா வருடம் புதுப்பிக்கலாம் என்றார். இத்தனை பேரின் உழைப்பு ஒரு முத்திரைக்குள் அடங்கிவிட்டதே என்று நான் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நான் போன பிறகு பேக்கரித் தம்பி இரண்டு வாடகையையும் மாதத்தின் ஐந்தாம் திகதி தவறாமல் வங்கியில் போட்டார். புதுப்பிக்கும் நேரம் வந்தால் சட்டிக்கடை நானா வங்கிக் கூற்றை வாங்கித் தபாலில் அனுப்பிவிடுவார். யாரும் வீட்டை எரிக்கவில்லை. அதற்கும் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு அண்ணா நாலரை வருடம் உயிரோடு இருந்தார். முதல் வருடம் முழுக்க அவருக்கு எரிச்சல். என் சமையலில் உப்பு அதிகம் என்பார், நான் கதவைப் பலமாகச் சாத்துகிறேன் என்பார். இரண்டாம் வருடம் ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பூட்டினார்கள். சில கிழமை சுவரைப் பிடித்துப் பழகினார். ஒரு காலை, முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசலால் இறங்கி, ஒன்றையும் பிடிக்காமல், தெருவோரக் கேற்றைப் பார்த்து நடந்து வந்தார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நான் ஓடினேன்.

"பிடிக்காதை!" என்று கத்தினார். "பக்கத்திலை வா. பிடிக்காதை."

நான் பிடிக்கவில்லை. கேற் வரை பக்கத்தில் நடந்தேன்.