மூச்சு வாங்கவைத்தவள்

எஸ்தர் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் அவள் நடைப்பயிற்சி கொடுத்த சிகிச்சை நிலையத்தில் வாசலில் பெயர் பதிகிற பெண்தான் போன் செய்தாள். "ஆச்சி, எஸ்தர் அக்கா போயிட்டாவ. இன்னைக்குச் சாயங்காலமே எடுக்காங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். எந்த எஸ்தர் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு எஸ்தர்தான். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

பிறகு என் மகனுக்குப் போன் போட்டேன். அவன் பாளையங்கோட்டையிலேயே குடியிருக்கிறான். "நீ வரவேண்டாம்மா. வெயிலு மண்டையப் பொளக்கு. நான் போயி மாலை போட்டுட்டு வந்துருதேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் எஸ்தரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவள் நினைவாக நிலையத்தார் போடுகிற இந்த மலரைப் படிப்பவர்கள் எல்லாரும் அவளை அறிந்தவர்கள்தான். அவள் கைபிடித்து எழுந்து நடந்தவர்கள், அல்லது அப்படி நடந்தவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள். என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சேரன்மகாதேவிக்காரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது யார், என்ன காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் மறக்கவில்லை, அது இங்கே வேண்டாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் ஒரு பிள்ளையை ஆளாக்கினேன். வீட்டுக்காரர் காலமான பிறகு என் வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். ஒரு நாள் காலையில் அடுப்பங்கரையில் நின்றவாக்கிலேயே இடது பக்கம் முழுவதும் செத்துப்போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மருமகள் ஊட்டிவிட்டாள். மகன் தூக்கி உட்காரவைத்தான். யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தம் தடவ ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். நாற்றம் தாங்காமல் நல்லா இருந்த கையால் சட்டியைத் தட்டிவிட்டேன். கம்பை ஊன்றிக் கட்டிலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கத் தொடங்கிய பிறகும், நான் எழுந்தால் போதும், வீடே பதறும். "பைய, பைய" என்று நாலு பக்கமும் குரல் வரும். அன்பு என்றால் அடுத்தவரை மெதுவாக நடக்கச் சொல்வது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது.

அந்தச் சமயத்தில் என் கொழுந்தன் பெண்டாட்டி செண்பகம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். என் தலைமாட்டில் நின்றுகொண்டே என் மகனிடம், "இனிமே இவள அலுங்காம ஒரு மூலையில வச்சுப் பாத்துக்கோப்பா. அங்கன வீடு சும்மா கெடந்து என்ன செய்ய? வாடகைக்கு விட்டுரு" என்றாள். எனக்கு அப்போது வாய் குழறும். மகனும் வாடகைக்கு ஆள் பார்க்க ஆரம்பித்தான். வேண்டாமென்று அழுதேன். அவன் சொன்னான்: "பஸ்ஸ விட்டு எறங்கி, கால்வாய்ப் பாலம் ஏறி, அந்த மேட்டுத் தெருவத் தாண்டி நீ தனியாப் போயிருவியாம்மா? போயிருவேன்னா சொல்லு, சாவியத் தாரேன்." என்னால் அன்று அவன் வீட்டு வாசல்படி இறங்க முடியாது. இருந்தாலும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் எஸ்தரிடம் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் எழுதிய சீட்டைப் படித்தாள். பிரஷர் பார்த்தாள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டி நாடியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு, "ஆச்சி, உங்களுக்கு எங்க போகணும்?" என்று கேட்டாள். என் வீட்டுக்கு என்றேன். வழியைக் கேட்டாள். பாலம் எவ்வளவு உயரம், ஏற்றம் எங்கே தொடங்குகிறது, இடையில் உட்கார இடம் உண்டா, நிழல் உண்டா என்று பெண் பார்க்கப் போகிறவளைப் போல அத்தனையும் விசாரித்தாள்.

"நான் நல்லா நடக்கேன்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றேன்.

"நல்லாத்தான் நடக்கீங்க. ஆனா இது கட்டிலச் சுத்துற நடை. பாலம் ஏற இது காணாது. கால் மட்டும் இல்ல ஆச்சி, இத்தன நாளு படுத்துக் கெடந்ததுல நெஞ்சும் சோம்பிப் போச்சு. அதுக்கும் வேலை குடுக்கணும். மூச்சு வாங்கணும், வேர்க்கணும்."

"எவ்வளவு வாங்கணும்? செத்துப்போற அளவுக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "பேச முடியணும். பாட முடியக்கூடாது. அதுதான் அளவு. நடந்துக்கிட்டே ஒரு பாட்டுப் பாடுங்க, பாப்போம்."

எனக்குப் பாட்டு வராது. நடவுக்குப் போகிற காலத்தில்கூட மற்றவர்கள் பாடும்போது நான் குலவை மட்டும்தான் போடுவேன். அதைச் சொன்னேன். "வேற என்ன வரும்?" என்று கேட்டாள். "ஏச்சு வரும்" என்றேன். "அப்ப ஏசுங்க. யாரையாவது நினைச்சுக்கிட்டு ஏசுங்க" என்றாள்.

யாரை என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த நிலையத்தின் நீளமான தாழ்வாரத்தில் அன்றைக்குச் செண்பகத்தைத் தொடங்கினேன். எனக்குச் சீராக வந்த வெண்கலப் பானையை இரவல் வாங்கிக்கொண்டுபோய் அடி நசுங்கத் திருப்பிக் கொடுத்தது, தன் மகள் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு வரும்போது பாயசத்தை நிறுத்திக்கொண்டது என்று வரிசையாக வந்தது. எஸ்தர் என் இடது பக்கம் ஒட்டி, விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நடந்தாள். நான் நீட்டி முழக்கி ஏசினால், "ஆச்சி, ரொம்பக் கோர்வையா வருது. நடை காணாது, எட்டிப் போடுங்க" என்பாள். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு இழுத்து ஏசினால், "இதுதான். இப்படியே போங்க" என்பாள். வார்த்தை அறவே நின்றுவிட்டால் உடனே நாற்காலி வரும்.

மற்றவர்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. மேலப்பாளையத்து பாய் ஒருவர், பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோனவர், மிதிக்கிற சைக்கிளில் உட்கார்ந்திருப்பார். செண்பகம் என்ற பெயரைக் கேட்டாலே அவர் தோள் குலுங்கும். ஒரு நாள் நான் வேறு கதை எடுத்தபோது, கையை ஆட்டி அந்தப் பானைக் கதையைத்தான் சொல்லச் சொன்னார்.

ஒரு நாள் மகன் என்னைக் கூட்டிப்போகச் சீக்கிரமாக வந்துவிட்டான். நான் முகமெல்லாம் வேர்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்தான். நம் வீடுகளில் மூச்சு வாங்கினால் அடுத்தது ஆட்டோவும் ஆஸ்பத்திரியும்தான். "ஏங்க, எங்கம்மாவக் கொல்லப் பாக்கியளா?" என்று எல்லார் முன்னாலும் எஸ்தரிடம் கத்தினான். என்னை அழைத்துக்கொண்டு போனவன், பிறகு அனுப்பவில்லை. நான் மறுபடியும் கட்டிலைச் சுற்றினேன். வாடகைக்கு வீடு கேட்டவர்கள் முன்பணம் தரத் தயாராக இருப்பதாக மருமகள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து எஸ்தர் நேராக வீட்டுக்கு வந்தாள். மகன் முகம் கொடுக்கவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "அண்ணே, உங்க அம்மா கைய இப்படிப் பிடிங்க. நாடி தெரியுதா?" என்றாள். அவன் வேண்டாவெறுப்பாகப் பிடித்தான். "இப்ப நாம மூணு பேரும் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள். போய் வந்தோம். நான் இரைத்தேன். "பிடிங்க. எப்படி இருக்கு?"

"குதிக்கு" என்றான். பயந்து கையை எடுக்கப் போனான்.

"விடாதீங்க. பிடிச்சுக்கிட்டே இருங்க."

நான் உட்கார்ந்தேன். அவன் என் காலடியில் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சநேரத்தில் அவன் முகம் மாறியது. "எறங்குதுங்க" என்றான்.

"ஏறுனது எறங்கணும் அண்ணே. ஏறவே கூடாதுன்னு வச்சிருந்தா அது ஏறவே மறந்துரும். எறங்குதா, வலிக்குதா, தலை சுத்துதான்னு பாக்கத்தான் நான் பக்கத்துல நிக்கேன்" என்றாள் எஸ்தர். அவள் காபி குடித்துவிட்டுப் போன பிறகும் மகன் என் கையை விடவில்லை. மறுநாள் அவனே கொண்டுபோய் விட்டான்.

அவள் விரட்டுகிறவள் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நாள் மருமகளோடு கோபித்துக்கொண்டு மாத்திரை போடாமல் போயிருந்தேன். முதல் நாள் கருவாடு வேறு. எஸ்தர் பிரஷர் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நடை கிடையாது. உக்காருங்க" என்றாள். "நடக்கலைன்னா ஏசுத, நடக்கேன்னா உக்காரச் சொல்லுத. என்னட்டி உன் நியாயம்?" என்றேன். "ஆச்சி, கோவத்த அண்ணி மேல காட்டுங்க. மாத்திரை மேல காட்டாதீங்க" என்று டாக்டருக்குப் போன் போட்டாள். அன்று முழுக்க என்னை உட்காரவைத்தே அனுப்பினாள். எனக்குக் கோபம்தான். ஆனால் மறுநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். கூட்ட வேண்டிய நாளையும் நிறுத்த வேண்டிய நாளையும் அவள் ஒரே முகத்தோடு சொல்வாள். அதனால்தான் கூட்டச் சொன்னபோது பயப்படாமல் கூட்டினேன்.

கடைசியில் பாலம் ஏறுகிற நாள் வந்தது. எஸ்தர் லீவு போட்டுவிட்டு வந்தாள். மகன் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கினோம். "நான் பிடிக்க மாட்டேன், அண்ணனும் பிடிக்க மாட்டாவ" என்றாள் எஸ்தர். கம்பை ஊன்றி ஏறத் தொடங்கினேன். பாதிப் பாலத்தில், கால்வாயில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு எதிரே வந்தவள் செண்பகமேதான்.

"ஏளா, பைய, பைய. எதுக்கு இந்த ஓட்டம்? விழுந்து வச்சிராத" என்றாள்.

"என் வீட்டுக்கு... நான்... எப்படிப் போனா... உனக்கு என்னளா" என்றேன்.

எஸ்தர் என் பின்னாலிருந்து, "சரியான வேகம் ஆச்சி. நிக்காம போங்க" என்றாள். செண்பகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈரத்துணி சொட்டச் சொட்ட எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேட்டுத் தெருவையும் ஏறினேன். வாசலில் மகன் சாவியைக் கொடுத்தான். பூட்டைத் திறந்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எஸ்தர் படியில் உட்கார்ந்து முதலில் என் நாடியைத்தான் பிடித்தாள்.

அதற்குப் பிறகு நான் என் வீட்டில்தான் இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை தனியாகப் பஸ் ஏறி அவளிடம் போய்க் காட்டிவிட்டு வருவேன். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், எப்போதும் பக்கத்தில் நடக்கிறவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை நடக்கச் சொன்னாள். மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உட்கார்ந்து வெகுநேரமாகியும் அது இறங்கவில்லை.

"என்னட்டி இது?" என்றேன்.

"வயசாகுதுல்லா ஆச்சி."

"உனக்கு என் மகன் வயசு. பொய் சொல்லாத."

"அடுத்த தடவை வாங்க, சொல்லுதேன்" என்றாள். அடுத்த தடவை போனபோதும், அதற்கு அடுத்த தடவையும் அவள் லீவு என்றார்கள். ரத்தத்தில் ஏதோ நோய் என்றும், அது அவளுக்கு முன்பே தெரியும் என்றும் இப்போதுதான் சொல்கிறார்கள்.

சாவுச் செய்தி வந்த அன்று, மகன் வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான் பஸ் ஏறினேன். பாளையங்கோட்டையில் இறங்கி அவள் தெருவுக்குப் போவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள். ஆலயத்தைப் பார்த்து அது ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் கூட்டம். நான் வெகுதூரம் பின்தங்கியிருந்தேன். எட்டிப் போட்டேன். வேர்த்துக் கொட்டியது. வழியில் யாரோ ஒரு பெண், "பாத்து ஆச்சி, பைய வாங்க" என்றாள். கூட்டத்திலிருந்து மகன் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் என் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தான். பிறகு என் இடது பக்கம் வந்து, என் வேகத்துக்கு நடந்தான். ஆலய வாசலில் பெட்டியை இறக்குமுன் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டோம். எஸ்தர் முகத்தைப் பார்த்தேன்.

எஸ்தரிடமிருந்து என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, இரைக்கும்போது பயப்படாமல் இருப்பது. அது அவள் கொடுத்தது. மற்றொன்று, தனக்கு என்ன என்று என்னிடம் சொல்லாமல் போனாளே, அந்தக் கோபம். இது நானாக எடுத்து வைத்துக்கொண்டது. யார்மேலுள்ள கோபத்தையும் நான் லேசில் விடுகிறவள் இல்லை. செண்பகத்தையாவது ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். இவளை மாட்டேன்.

பேச்சியம்மாள்
சேரன்மகாதேவி