மூட்டை மெட்டும் தாலாட்டு மெட்டும்

சாமுவேல் விஸ்வலிங்கம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுக அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிறு காலையில் நகரத்துப் பெரிய கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் பாடுவார். மாலையில் கப்பலடித் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கோடி அறையில் ஆராதனை நடத்துவார். அந்த மாலை வேலையை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. லயம் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று தானாக ஏற்றுக்கொண்டது. சில வருடங்களிலேயே அது அவரை அரைத்து எடுத்துவிட்டது.

பாட்டுதான் பெரும்பாடு. வெள்ளைக்காரர் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளை அவரே தொடங்கி அவரே முடிப்பார். எதிரே ஆட்கள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார்கள். கப்பல் வந்துவிட்டால் அவர்களுக்கு ஞாயிறும் வேலைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அலுவலக ஜன்னலுக்குக் கீழே இவர்கள் மூட்டை ஏற்றி இறக்கும்போது பாடும் ஏலேலோ நாள் முழுக்கக் காதில் விழும். என்ன குரல், என்ன கட்டு! அந்த மெட்டில் பைபிளின் சங்கீத வசனங்களை வைத்தால்? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்தே அமைத்துவிட்டார். கூலிப் பாட்டைக் கோயிலுக்குள் கொண்டுவருவதா என்று பெரிய கோயில் போதகர் கேட்டால் சொல்வதற்குப் பதிலும் தயார்.

ஞாயிறு மாலை பாடினார். மூடியிருந்த கண்கள் திறந்தன. யாரும் பின்பாட்டு எடுக்கவில்லை.

"ஏன் தங்கராஜு, பிடிக்கேல்லையோ?"

மூட்டைக் கூட்டத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் தங்கராஜு. தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க ஐயா. இந்த மெட்டக் கேட்டாலே தோள்ல மூட்டை ஏறின மாதிரி இருக்கு. சாமிகிட்ட வந்தும் அதுதானா?"

விஸ்வலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. போதகருக்கென்று வைத்திருந்த பதில் இங்கே உதவவில்லை. பாட்டை விட்டுவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.

நடுவில் ஒரு குழந்தை வீறிட்டது. தங்கராஜுவின் மனைவி சவரியம்மாள் அதைத் தோளில் போட்டுத் தட்டி, தாழ்ந்த குரலில் ஆராரோ பாடினாள். மாமன் வருவான், கிலுகிலுப்பை தருவான் என்று போனது பாட்டு. விஸ்வலிங்கம் ஜெபத்தை நிறுத்தினார். அவள் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

"நிப்பாட்டாதேங்கோ அம்மா. பாடுங்கோ."

அவள் பாட, அதே இழுப்பில் அவர் வாயில் வந்ததைச் சேர்த்தார்: "இறக்கி வை, இறக்கி வை, இளைத்த தோளே ஆராரோ. சுமக்க ஒருவர் உண்டு, துயில்வாய் ஆரிரரோ." முதலில் தங்கராஜுவின் குரல் வந்தது. பிறகு அறை முழுக்க முனகலாய்ச் சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு மெட்டு அதுதான். ஒரு மாலை போதகரே வந்து பார்த்தார். பாதிப்பேர் பாடிக்கொண்டிருந்தார்கள், பாதிப்பேர் தூங்கிவிட்டிருந்தார்கள்.

"தாலாட்டா மிஸ்டர் விஸ்வலிங்கம்? ஆளுங்க தூங்கறாங்களே!"

"முந்திப் பாடாமல் நித்திரை கொண்டவை ஐயா. இப்ப பாடிப்போட்டு நித்திரை கொள்ளினம்."

போதகர் தடுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. மறுபடி வரவும் இல்லை.

அறுபதுகளில் லயத்தை இடித்தார்கள். குடும்பங்கள் குவீன்ஸ்டவுனுக்கும் தோ பாயோவுக்கும் அடுக்குமாடி வீடு கிடைத்துப் போயின. விஸ்வலிங்கம் பெரிய கோயிலோடு நின்றுவிட்டார். தேக்கா மார்க்கெட்டில் ஒருநாள் சவரியம்மாளைக் கண்டார்.

"அந்தப் பாட்டு இன்னும் பாடுறீங்களா ஐயா?"

"இல்லை அம்மா. அங்க புத்தகத்தில இருக்கிறதுதான்."

"நானும் பாடுறதில்லைங்க. புள்ளைங்க வளந்துட்டாங்க, அவருக்கும் முதுகு போச்சு."

பஸ் நிறுத்தம்வரை அவள் கூடையை அவர் தூக்கிவந்தார்.