ரோட்டில் கேட்கக் கூடாத கேதம்

தெரிந்தவரை வழியில் பார்த்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் எங்கள் பக்கத்து ஆட்கள் மகா கறார். வண்டியில் போகிறவர்தான் நடந்து போகிறவருக்கு முதலில் தலையாட்ட வேண்டும். தவறினால் 'வண்டி வாங்குனதும் கண்ணு தெரியல' என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு வந்துவிடும். வெளியே கிளம்புகிறவரை 'எங்க போறீக' என்று கேட்கக் கூடாது; போகிற காரியம் விளங்காது. திரும்பி வருகிறவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பையைப் பிரித்துப் பார்த்தாலும் குற்றமில்லை.

உப்பூருக்கு மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது என் ஊர். தொண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. தினமும் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். வழி நெடுக இப்படித் தலையாட்டிப் போய்ச் சேர்வதற்குள் கழுத்து வலிக்கிறது என்று வீட்டில் அலுத்துக்கொள்வேன்.

வழியில் ஒரு மீன்காரர் எதிரே வருவார். தொண்டியில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் போட்டு, மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு தெற்கே போவார். பெட்டியில் மாதா படம் ஒட்டியிருக்கும். ஒருநாள் ஆட்டுக்கூட்டம் ரோட்டைக் கடக்க, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக வெகுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. கடைசி ஆடு ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாளிலிருந்து எதிரே வந்தால் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். வருசக்கணக்கில் அவ்வளவுதான் பழக்கம். அவர் பேர் எனக்குத் தெரியாது, குரலைக்கூடக் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் அய்யா இறந்துபோனார். வயலைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் மூத்த மகன். பந்தல், பாடை, மழைக்குத் தார்ப்பாய், வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று ஓடினேன். அழ நேரமில்லை. வீட்டுக்கு வந்து கேதம் கேட்ட, அதாவது துக்கம் விசாரித்த, ஒவ்வொருவரும் 'எப்புடி ஆச்சு' என்றார்கள். 'வயலுக்குப் போனாரு, வந்தாரு, உக்காந்தாரு' என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடித்து, தலையும் மீசையும் வழித்த முகத்தோடு பள்ளிக்கூடம் போனேன்.

அப்போதுதான் இந்தச் சட்டங்களின் இன்னொரு பக்கம் தெரிந்தது. கேதத்தை வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். ரோட்டில் வைத்துக் கேட்டால் அது அவமரியாதை. கேட்காதவர் கேதக்காரனிடம் சும்மா சிரித்துப் பேசினால் அதைவிட அவமரியாதை. ஆக, வர முடியாமல் போனவர்கள் எல்லாரும் என்னைக் கண்டால் ஒளிய ஆரம்பித்தார்கள். கணக்கு வாத்தியாரின் மகளுக்குப் பிரசவம். பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டிலிருந்து கேத வீட்டுக்கு வரக் கூடாது. நான் அறைக்குள் நுழைந்தால் பாவம் மனிதர் சாக்பீஸ் எடுக்கப் போய்விடுவார். அத்தனை சாக்பீஸை வைத்து என்ன செய்தாரோ! வந்து கேட்டவர்களும் உபயோகமில்லை. 'என்ன சார், டீயா காப்பியா' என்று தூரத்திலிருந்தே சத்தம் கொடுக்கிற டீக்கடைக்காரர், நோயாளிக்கு மருந்து வைப்பதுபோல் டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்தது அய்யாதானே, நானுமா? யாராவது ஒருத்தர் பழையபடி இருக்க மாட்டார்களா என்று ஏங்கிப்போனேன்.

பழையபடி இருந்தது மீன்காரர் மட்டும்தான். எனக்கு ஹெல்மெட் இருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. எதிரே வந்ததும் கை மேலே போனது. அந்த ஒரு கணம் எனக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது. அவரைக் கடக்கிற வரைக்கும் எங்கே நின்றாலும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டேன். மழையில் கண்ணாடி முழுக்க ஈரம். கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது மொபெட் உள்ளே வந்தது. வண்டியை அடையாளம் கண்டு பாதி தூக்கிய கையோடு நெருங்கியவர், என் தலையைப் பார்த்தார், மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். கை இறங்கிவிட்டது. நான் சிரித்தேன். அவர் குனிந்து பெட்ரோல் மூடியைத் திருகத் தொடங்கினார்.

மறுநாள் எதிரே வந்தபோது கை எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வேகத்தைக் குறைப்பார், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். 'நீயுமாய்யா' என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன். நானும் கை தூக்குவதை நிறுத்திவிட்டேன். அற்ப விஷயம்தான். ஆனால் பள்ளிக்கூடம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் மொபெட் சத்தம். பெட்டி இல்லாத வண்டி, வெள்ளைச் சட்டை, வேட்டி. ஆளை அடையாளம் தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கேதத்துக்கு வருகிறவரை 'வாங்க' என்று சொல்லக் கூடாது, அதனால் எழுந்து நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் முறைப்படி இரண்டு கைகளையும் நீட்டினார். நான் தொட்டேன். அய்யாவின் படத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீக சார். தெரிஞ்ச பெறகு, கேதங் கேக்காமக் கையத் தூக்க மனசு வரல. ரோட்டுல வச்சுக் கேக்கவும் கூடாது. வீடும் தெரியல" என்றார். அந்தப் பெரிய உடம்புக்கு மெலிந்த குரல்.

பெட்ரோல் பங்கில் விசாரித்து நான் வாத்தியார் என்று தெரிந்துகொண்டு, ஊருக்கு ரோடு பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் வண்டியை நிறுத்தி, மொட்டை போட்ட வாத்தியார் வீடு எது என்று கேட்டிருக்கிறார். ஒரு ஊரில் கைகாட்டிய வீட்டுக்குள் போய், இருந்த மொட்டைத்தலையரிடம் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். அவர் பழனிக்கு முடியிறக்கிவிட்டு வந்தவர்.

"மீசையும் இல்லையே சார்! அவருக்கு மீசையே வளராதாம். நல்ல காரியமாப் போயிட்டு வந்தவருகிட்ட கேதங் கேக்குறியான்னு அந்த வீட்டம்மா வெளக்கமாத்த எடுத்துட்டாக. உங்க ஊரு வேற வேவாரி மீன் விக்கிற ஊரு, நான் உள்ள வாரதில்ல. பெட்டியோட வந்தா தப்பாயிரும்னு இன்னிக்கு இறக்கி வச்சுட்டு வந்தேன்."

கேத வீட்டில் சிரிக்கக் கூடாது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'எப்புடி ஆச்சு' வரப்போகிறது என்று பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"அய்யா எப்புடி சார் இருப்பாக? நான் பாத்ததில்லையே" என்றார்.

இதை யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அவரைத் தெரியும். அதனால் எல்லாரும் சாவைப் பற்றியே கேட்டார்கள். "எங்க வயலு ரோட்டை ஒட்டி இருக்கு. பஸ் போனா வரப்புல நின்னு கையத் தூக்குவாரு. உள்ள யாரு இருக்கான்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவன் எவனாவது இருந்தா பார்க்காமப் போயிட்டோம்னு ஆயிரக் கூடாதுல்லன்னு சொல்லுவாரு" என்றேன். அய்யா போனதிலிருந்து வராத அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, மாணவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்கிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அழுகை அடங்கியதும் எழுந்தார். கேத வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. சொல்லாமல் போய்விட்டார்.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்த என் மனைவி அவர் முதுகைத்தான் பார்த்தாள்.

"சொந்தக்காரக அத்தன பேரு வந்தப்பவும் கல்லு மாதிரி உக்காந்திருந்தீக. யாருங்க அவரு?"

"ரோட்டுல பாக்குறவரு" என்றேன்.