விளக்கின் காலடியில்

எங்கள் ஊரில் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துத் தலைவர். அந்தப் பதவிக்கு நின்று என் அத்தை தோற்றாள். தோற்றதை நான் எப்போதோ ஜீரணித்துவிட்டேன். எப்படித் தோற்றாள் என்பதை நினைத்தால்தான் இப்போதும் திக்கென்கிறது.

அத்தை அப்பாவின் தங்கை. நடவுக்கும் களைக்கும் பெண்களைத் திரட்டிப் போகிறவள். பம்பாய்க்குப் போன மாமா திரும்பவே இல்லை. எங்கள் குடிசையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு தனியாக இருந்தாள். தெரு முழுக்கப் பண்ணையாரின் இடம். கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரிக்கச் சொல்வார். மறியல், போலீஸ் எல்லாம் ஆன பிறகு, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. யார் பெயருக்கு என்று எழுதி அனுப்ப வேண்டியவர் பிரசிடெண்ட்.

“பட்டாவப் பொம்பளை பேர்லதான் வாங்கணும். ஆம்பளை பேர்ல வந்தா நேரா சாராயக்கடைக்குப் போயிடும்” என்றாள் அத்தை. புருஷன் பெயரில் வந்தால் அவளுக்கு அந்தச் சாய்ப்பும் இல்லை. அதற்காகத்தான் நின்றாள். எதிரே நின்றது பண்ணையாரின் மகன்.

அப்பா கட்சிக்காரர். சாமி இல்லை, பெண்ணடிமை கூடாது என்று டீக்கடையில் டீ ஆறும்வரை பேசுவார். சின்னம் கேட்டு எழுதும் நாளில் அத்தைக்கு ஏணியின் மேல் கண். அப்பா விடவில்லை.

“பொம்பளை ஏணியில ஏறுறதா? ஊரு சிரிக்கும் புள்ள. குத்துவிளக்கக் கேளு. லட்சணமா இருக்கும்.”

“சாமி இல்லைங்கிற வாயி விளக்குக் கேக்குதே அண்ணே!”

“அது சாமி இல்ல. பண்பாடு.”

குத்துவிளக்கே கிடைத்தது. தாளடி அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த மாசி மாதம் அது. வேலைவெட்டி இல்லாத பெண்கள் எல்லாரும் அத்தையின் பின்னால் தெருத்தெருவாகப் போனார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் விளக்கை வரைந்து, வெண்டைக்காய்க் காம்பை மையில் தோய்த்து அத்தை குத்திக் காட்டினாள். “குத்துனதும் மடிக்காதீங்கடி. மை காயட்டும்.”

“களை பறிக்கத் தெரிஞ்சவளுக்குக் குத்தத் தெரியாதாக்கும்? போடீ” என்று சிரித்தார்களே தவிர, ஒருத்திகூடக் குத்திப் பார்க்கவில்லை. நான் வெண்டைக்காய்க்காகக் காத்திருந்தேன்.

ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் அப்பா திரும்பி வந்தபோது, தோளில் இருக்கும் துண்டு கையில் சுருண்டிருந்தது. பின்னாலேயே வெடிச் சத்தம். பண்ணையாரின் ஆட்கள் எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போனார்கள். “விளக்கு அணைஞ்சுபோச்சு, வீட்டுக்குள்ள போடி!” என்று ஒருவன் கத்தினான். “இனிமே எவளும் நிக்க மாட்டா” என்றான் இன்னொருவன்.

பண்ணைக்குப் பயந்து பெண்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே அத்தை நினைத்தாள். அப்பா தலையை ஆட்டினார். சீட்டில் விளக்குக்குக் கீழ்க்கட்டம் பண்ணையார் மகனின் பூட்டுச் சின்னம். கத்தை கத்தையான சீட்டுகளில் முத்திரை விளக்கின் பாதத்தில் விழுந்திருந்தது. கோட்டின் மேல் பட்டவை செல்லாது என்றார்கள். கோட்டைத் தாண்டியவை பூட்டுக்குப் போய்விட்டன.

வாசலில் கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாய் திறந்தது என் அம்மா.

“விளக்கு மூஞ்சியில மை பூசலாமா? அதான் காலடியில வச்சேன்.”

“நானுந்தான் அண்ணி, சீட்டக் கண்ணுல ஒத்திக்கிட்டுதான் பொட்டியில போட்டேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதற்குப் பின்னால் நானும், நானும் என்று குரல்கள்.

அத்தை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: “பண்பாடுன்னியே அண்ணே. என்னைச் சாமியாக்கிட்ட. சாமியக் கும்பிடுவாங்க, அதுக்கு யாரு ஓட்டுப் போடுவா?”

விடுவிடுவென்று எங்கள் வீட்டுக்குள் போனாள். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சின்னப் பித்தளை விளக்கைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். சட்டியடிக் கரியைத் தண்ணீரில் குழைத்து, விளக்கின் முகத்தில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு குத்துக் குத்தினாள். நான் அப்போது சின்னப் பையன். சாமி கண்ணைக் குத்தப் போகிறது என்று அழுதேன்.

சாமி இல்லாத அப்பாதான் பதறினார். “விளக்குல கரியப் பூசுறியே, குடும்பம் விளங்குமா?”

அத்தை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “வாங்கடி” என்றாள்.

ஒருத்தி வந்தாள். கையெடுத்துக் கும்பிடப் போனவளின் கையை அத்தை தட்டிவிட்டாள். அவள் கரியைத் தொட்டுக் குத்தினாள். அடுத்து இன்னொருத்தி. அம்மா வெகுநேரம் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டு, கடைசியாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள்.

பிறகு பட்டா ஆண்கள் பெயரில்தான் வந்தது. அத்தையின் சாய்ப்புக்கு வந்த தாளில், பம்பாயில் இருக்கிறாரோ இல்லையோ தெரியாத மாமாவின் பெயர் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஓட்டு எண்ணியதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு விளக்கைத் தேய்க்கிற அம்மா அன்று தேய்க்கவில்லை. கரி முகத்தோடேயே திரி போட்டு ஏற்றினாள். ஏம்மா கழுவல என்று கேட்டேன்.

“காயட்டும்டா” என்றாள்.

நான் விளக்கைத் தொட்டுப் பார்த்தேன். கரி எப்போதோ காய்ந்திருந்தது.