வராத மணிக்கு எழுதிய சூடு

குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தது. அதைத் தொட்ட நொடியில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. பிரசவ வார்டில் நர்ஸாகச் சேர்ந்து அப்போது மூன்றாவது மாதம். பிள்ளை பிறந்ததும் துணியில் சுற்றி, வாசலில் நிற்கும் சொந்தங்களிடம் காட்டிவிட்டு வருவது எங்கள் வழக்கம். அத்தை, மாமி, சித்தி என்று கைமாறித் திரும்புவதற்குள் குளிர்ந்துவிடும். தாய் அதுவரை மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

முதல் ஒரு மணி நேரம் பிள்ளை தாயின் வெறும் மார்பிலேயே கிடக்கட்டும், சொந்தங்கள் காத்திருக்கட்டும். பரீட்சைக்குப் படித்த விஷயந்தான். கட்டில் தலைமாட்டில் தொங்கவிட ஒரு தாள் தயாரித்தேன். கால் மணிக்கு ஒருமுறை பிள்ளையின் சூட்டைப் பார்த்து எழுத நான்கு கட்டங்கள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்குதான். ஆனா நல்ல கிறுக்கு," என்றார் என்னோடு டியூட்டி பார்க்கும் அக்கா. பெரிய டாக்டரிடம் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான்.

ஒரு மாதம் தாள்கள் நிரம்பின. பார்ப்பவரிடமெல்லாம் காட்டினேன்.

போன வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டு வார்டுக்குள் நுழைந்தேன். மணவாளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த பெண்ணுக்குப் பிரசவமாகியிருந்தது. தாளில் பிறந்த நேரம் ஒன்று பத்து. நான்கு கட்டங்களும் நிரம்பியிருந்தன. கடைசிக் கட்டத்தில் மணி இரண்டு பத்து. சுவர்க்கடிகாரத்தில் ஒன்றரைகூட ஆகவில்லை.

"எம் பிள்ள எங்க சிஸ்டர்?" என்றாள் அவள்.

வாசலில் ஒரு மாமியின் கையிலிருந்து வாங்கி வந்தேன். அதே குளிர்ந்த பாதம். தாயின் மார்பில் கிடத்திப் போர்த்திவிட்டு அக்காவிடம் போனேன்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா. மூணு கட்டில்ல வலி, நான் ஒருத்தி. வெளிய சொந்தக்காரவ பிள்ளையக் காட்டுன்னு கதவப் போட்டுத் தட்டுதாவ. நீதானட்டி தாளு காலியா கெடக்கப்பிடாதுன்ன?"

"இன்னும் மணியே ஆவலியே அக்கா."

"நீ இல்லாத அன்னைக்கெல்லாம் பொறவு எப்படி நெறைஞ்சுதுன்னு நெனச்ச, மக்கா?"

சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குக் கையுறை மாட்டினார்.

பொய் எழுதக் கட்டம் போட்டுக் கொடுத்தது நான்தான் என்பது இரண்டு நாள் கழித்தே உறைத்தது. அதற்காக அவரை மன்னித்துவிடவில்லை. முடியவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாளை அந்தத் தாள்களைக் கழற்றப்போகிறேன். வாசலில் நிற்கும் பெண்களில் ஒருத்தியைக் கைகழுவவைத்து உள்ளே அழைத்து, தாயின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைக்க வேண்டும். பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பது அவள் வேலை. குளிர்ந்தால் எங்களைக் கூப்பிடுவாள். டாக்டர் சம்மதிக்க வேண்டும். இந்த முறை தனியாகப் போய்க் கேட்கிறேன்.