மாங்குளத்தில் சொல்லாத செய்தி

கார்ச் சக்கரத்தின் கீழ் நசுங்கும் எலுமிச்சம்பழத்தின் மணம் இன்றைக்கும் எனக்குப் பிடிப்பதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு விடியற்காலை, கிளிநொச்சிக் குடியேற்றத்திலிருந்து எங்கள் சொந்தக்காரக் குடும்பங்கள் மூன்று, மூன்று கார்களில் சிதம்பரத்துக்குப் புறப்பட்டபோது அந்த மணம்தான் எங்களை வழியனுப்பியது. அப்போதே கிழடு தட்டிய கார்கள் அவை. முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றினால்தான் உறுமும், கொஞ்சத் தூரம் ஓடியதும் "இளைக்குது" என்று நிறுத்தித் தண்ணீர் வார்க்க வேண்டும். ஆனாலும் தலைமன்னாரில் கப்பலேற்றி அக்கரைத் தனுஷ்கோடியில் இறக்கி, இந்தியாவிலும் நம் காரிலேயே போகப்போகிறோம் என்று ஐயாவின் அண்ணரான பெரியப்பா ஊரெல்லாம் பெருமையடித்திருந்தார்.

மற்றவர்களுக்கு அது ஊர் பார்க்கும் பயணம். அம்மாவுக்கு மட்டும் நேர்த்திக்கடன். அவருடைய தகப்பன், எங்கள் அப்பு, யாழ்ப்பாணத்தில் நெஞ்சு வருத்தத்தோடு படுத்திருந்தார். சிதம்பரத்தில் அவர் பேரில் அர்ச்சனை செய்தால் எழும்பிவிடுவார் என்று அம்மா முழுமனதாக நம்பினார். "நான் திரும்பி வந்து முகம் பாக்குமட்டும் இருங்கோ அப்பு" என்று அவரிடம் சொல்லிவிட்டும் வந்திருந்தார்.

மாங்குளத்தில் தேநீருக்காக நிறுத்தினோம். பெண்களும் பிள்ளைகளும் காருக்குள் இருக்க, ஆண்கள் கடைக்குள் போனார்கள். அந்நேரம் வடக்கிலிருந்து வந்த லொறியொன்றிலிருந்து எங்கள் அயலவர் ஒருவர் குதித்திறங்கிக் கடைக்குள் ஓடினார். சற்றுப் பொறுத்து ஐயா வந்து முன்னிருக்கையில் ஏறினார்.

"ஆரப்பா அது?" என்று கேட்டார் அம்மா.

"ஒண்டுமில்லை. நெல்லு மூட்டைக் கதை."

அப்பு முதல்நாள் இரவே போய்விட்டார். கடைக்குள் நடந்ததைப் பல வருடங்களுக்குப் பிறகு பெரியப்பா வெட்கமில்லாமல் என்னிடம் சொன்னார். சொன்னால் அம்மாவுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. ஒரு கார் திரும்பினால் மற்றவையும் திரும்ப வேண்டும். "காதிலை விழாத சாவுக்குத் துடக்கில்லையடா தம்பி. நாங்கள் தலைமன்னாரிலை முழுகினாச் சரி" என்று ஐயாவுக்கு வழிகாட்டியவர் அவர்தான். கப்பலுக்குக் காத்திருந்தபோது இருவரும் கடலில் தலைமுழுகியதைப் பார்த்துப் பிள்ளைகள் நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். கடவுளை இவ்வளவு சுத்தபத்தமாக ஏமாற்றிய மனிதர்களை நான் பிறகு கண்டதில்லை.

சிதம்பரத்தில் அம்மா அப்புவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல, தீட்சிதர் அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்தார். ஐயா பக்கத்தில் கைகூப்பி நின்றார். திரும்பும் வழியில் மதுரையில் அம்மா அப்புவுக்கு வேட்டி எடுத்தபோது, "கரை அகலமானதாப் பாத்து எடு" என்றவரும் அவரேதான். அப்போது ஊரில் அப்புவின் எட்டாம் நாள் படையலே முடிந்திருக்கும்.

வீட்டு வாசலில் வந்து இறங்கிய பிறகே சொன்னார்கள். அம்மா அழவில்லை.

"மாங்குளத்திலை எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ திரும்பியிருப்பாய்" என்றார் ஐயா.

"ஓம். திரும்பியிருப்பன். முகத்தைப் பாத்திருப்பன்."

அதன் பிறகு அம்மா ஐயாவோடு எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. ஐயாவும் கூப்பிடவில்லை.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டது, பின்னாளில் கப்பலும் நின்றது. கார்கள் எந்தப் பற்றைக் காட்டுக்குள் துருப்பிடித்தனவோ தெரியாது. மாங்குளத்துக் கடை இருந்த இடத்தைப் போர் துடைத்துவிட்டது. இப்போது பஸ் அவ்விடத்தில் நிற்பதுமில்லை. அந்தக் காலத்துக் கார்களைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஐயா இறந்த அன்று அவருடைய தங்கை, எங்கள் மாமி, கதிர்காமக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "பாவம், பயணத்தைக் குழப்பாமல் வந்தாப் பிறகு சொல்லுவம்" என்றார் பெரியப்பா. தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பவே ஆளை அனுப்பு" என்றார்.

மறுநாள் மாலை, நேரம் பிந்துகிறது என்று பலரும் முணுமுணுத்தார்கள். மாமி வந்து முகம் பார்க்கும்வரை பாடையில் கைவைக்க அம்மா ஒருவரையும் விடவில்லை.